அண்ணன் இறக்காத ஆட்டீன்

நான் ஒரு முஸ்லிம் ஜவுளி வியாபாரியைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அண்ணன் என்னோடு பேசுவதில்லை. அதற்கு முன் பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் நாங்கள் இருவரும்தான் ஜோடி. சேலத்தில் அப்பாவின் நண்பர்களையே தோற்கடித்திருக்கிறோம்.

அறுபதுகளின் கடைசியில் நான் தர்மபுரியில் அரசு டாக்டராக இருந்தேன். அண்ணனும் அதிகாரியாக அங்கேயே மாற்றலாகி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீசர்கள் கிளப்பில் ஆளுக்கொரு சீட்டு உருவி ஜோடி சேர்த்தார்கள். எனக்கு ஜோடியாக எதிரே வந்து உட்கார்ந்தவர் அண்ணன். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கிருதா நரைத்திருந்தது. நான் சந்தோஷமாகச் சீட்டுகளை அடுக்கினேன்.

"ஒன் ஆட்டீன்" என்று ஏலம் கேட்டேன். என் கையில் ஆட்டீன், அதாவது சிவப்பு இதயச் சீட்டுதான் பலம் என்று ஜோடிக்குச் சொல்வது அது. எதிராளிகள் அதற்கு மேல் கேட்டு ஏலத்தை எடுத்துவிட்டார்கள். முதல் சீட்டை அண்ணன் இறக்க வேண்டும். யார் கையையும் பார்க்காமல், ஏலத்தில் காதில் விழுந்ததை மட்டும் நம்பி இறக்க வேண்டிய சீட்டு. அண்ணன் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு சின்ன டைமண்டை இறக்கினார்.

அந்த ஆட்டம் அதோடு எங்கள் கையைவிட்டுப் போயிற்று. ஜெயித்தவருக்கே மனசு கேட்கவில்லை.

"என்னங்க சார், பார்ட்னர் ஆட்டீன் கேட்டாங்களே! கையில இல்லீங்களா?"

"ரெண்டு இருந்துச்சுங்க."

"அப்பறம் ஏனுங்க எறக்கல?"

"அவங்க சொல்றத நான் கேக்கறதில்லீங்க."

அவர் சிரித்துக்கொண்டே, "மேடத்த முன்னாடியே தெரியுங்களா?" என்றார்.

"தெரியாதுங்க" என்றார், என்னை எப்போதும் பாப்பா என்றே கூப்பிட்ட என் அண்ணன்.

அடுத்த ஆட்டத்துக்கு நான் சீட்டைப் போடும்போது ஒன்று கீழே விழுந்தது. அண்ணன் குனிந்து எடுத்தார். என் கையில் தராமல் மேசையில் வைத்தார்.

சில மாதத்தில் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

பல வருஷம் கழித்து மொரப்பூர் ஸ்டேஷனில் சித்தி மகளைப் பார்த்தேன். குழந்தைகளை விசாரித்துக்கொண்டே வந்தவள், "ஏண்டி, அண்ணன் காரியத்துக்குக்கூட நீ வரலியே?" என்றாள்.

"என்ன காரியம்?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "போன தையிலடி. உனக்குச் சொல்லியிருப்பாங்கன்னு இருந்தேன்."

ரயில் வந்ததும் அவள் அழுதுகொண்டே ஏறிப் போனாள். அதே ரயிலில் போக வேண்டிய நான் ஏறாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்ததும் என் கணவர் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தார்.

"வூட்டுக்குப் போலாம், வா" என்றார். எந்த வீட்டுக்கு என்று எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.