ஊசியக்காவிடம் பொய் செல்லாது

ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் ஊசியக்கா கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறாள். அதன் பின்னால் ஒரு பழைய பத்திரிகைத் துண்டை வைத்து உரக்க வாசிக்கிறாள்: “வாடகைக்கு வீடு. இரண்டு அறை. தண்ணீர் வசதி உண்டு.” எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவரின் ரத்தம் அது. எந்திரத்தில் சுழற்றியதில் சிவப்பெல்லாம் அடியில் படிந்துவிட்டது. மேலே தெளிந்து நிற்கும் நீர் வழியே விளம்பரம் பளிச்சென்று தெரிகிறது. “நிஜமாவே பட்டினியாத்தான் வந்திருக்கீங்க” என்கிறாள். பெரியவருக்குப் பரீட்சையில் தேறிய சந்தோஷம்.

இந்த ஆய்வுக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ரத்தத்தில் ஓடும் கொழுப்பு, சர்க்கரை, இன்னும் நூறு சில்லறைச் சமாசாரங்களில் எது பெற்றவர்கள் கொடுத்தது, எது தின்று சேர்த்தது, எது இதயத்தைப் படுத்துகிறது என்று பார்க்கிறார்கள். முதல்நாள் மாலையிலிருந்தே தண்ணீர் தவிர எதையும் தொடக் கூடாது. தின்றுவிட்டு வருகிற சிலரின் ரத்தம் கொழுப்பில் வெள்ளையாகக் கலங்கி, வாடகை வீட்டை மறைத்துவிடும். “கோழியா, கேக்கா? சொல்லிடுங்க, உங்க ரத்தம் ஏற்கெனவே சொல்லிடுச்சு” என்பாள். அவளிடம் யார் பருப்பும் வேகாது.

பதினோரு வருடமாக அடுத்தவர் கையில் ஊசி ஏற்றுகிறவள், போன வாரம் வரை தன் கையை நீட்டியதில்லை. ஊழியர்களுக்குப் பரிசோதனை என்றால் அன்றைக்கென்று பார்த்துக் காய்ச்சல் வந்துவிடும். “குத்துறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். குத்து வாங்குறதுக்கு இல்ல.”

போன வாரம் வந்தவர் அவளுடைய அண்ணன். லாரி ஓட்டுகிறவர், ஒரு பெண்ணுக்கு அப்பா. மூன்று வருடம் கெஞ்சி இழுத்து வந்தாள். அப்பா நாற்பத்து நான்கு வயதில், வேலைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் போனவர். அண்ணனுக்கு இந்த மாதம் நாற்பத்து மூன்று முடிகிறது.

குழாயைத் தூக்கினாள். வீடும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஒரே வெள்ளை.

“என்ன தின்னீங்க?”

“ஒண்ணும் தின்னல, பாப்பா.”

“யார்கிட்ட கதை அளக்குறீங்க?”

“சத்தியமாம்மா.”

சத்தியத்தை யார் கேட்டார்கள்? அன்று மத்தியானமே அவரைத் தன் வீட்டுக்கு இழுத்துப்போய் வயிறு நிறையச் சாப்பாடு போட்டாள். ஆறு மணி அடித்ததும் சமையலறையைப் பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். “திருடனைக் காவல் காக்குற மாதிரி காக்குறியே” என்று அண்ணன் புலம்பினார். விடிந்ததும் நேரே ஆய்வகம், மறுபடி ஊசி. மறுபடி வெள்ளை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தக் கொழுப்பு அவர் தின்று சேர்த்தது இல்லை; கூடவே பிறந்தது. அப்பாவைக் கொண்டுபோனதும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். குழாயும் கையுமாக மருத்துவரிடம் ஓடினாள்.

மருத்துவர் குழாயை வாங்கிப் பார்த்தார். “இதை மாத்திரையில, சாப்பாட்டுல அடக்கிடலாம். இதயம் எப்படியிருக்குன்னு முதல்ல பார்ப்போம்.”

ஸ்கேன் திரையில் அண்ணனின் இதயம் திறந்து திறந்து மூடியது. ஊசியக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “ஒரு பழுதும் இல்ல. ஜோரா அடிக்குது” என்றார் மருத்துவர். அப்பாவுக்குக் கிடைக்காத அவகாசம் அண்ணனுக்குக் கிடைத்துவிட்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அண்ணனின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

“கூடப் பிறந்தவங்க ரத்தமும் இருந்தா எந்த மரபணுன்னு பிடிக்கச் சுலபம். இவர் பொண்ணுக்கும் இப்பவே பார்த்துடலாம்” என்றார் மருத்துவர். “நீங்க காலையில ஏதும் சாப்பிட்டீங்களா?”

பூட்டிய சமையலறையில் அவளுக்கு மட்டும் என்ன கிடைத்திருக்கும்?

“இன்னைக்குக் காய்ச்சல் இல்லையா, பாப்பா?” என்றார் அண்ணன்.

எல்லோரையும் உட்கார வைக்கும் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, பத்திரிகைத் துண்டை அண்ணன் கையில் திணித்தாள்.