மாமா கோத்த அட்டைகள்

போன வாரம் சென்னையில் ஒரு கம்பெனியில் புதுக் கம்ப்யூட்டர் காட்டினார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த பெண் ஏதோ சில எண்களைத் தட்டினாள். வயர்லெஸ் செட்டில் இரைச்சலைத் தடுத்துக் குரலை மட்டும் விடுமே, ஃபில்டர்... அதன் படம் வளைந்து வளைந்து திரையில் வந்து நின்றது.

“தப்பாப் போனா அழிச்சிட்டு மறுபடி அடிச்சுக்கலாம் சார்” என்றாள் சாதாரணமாக.

எல்லோரும் கை தட்டினார்கள். நான் காபி குடிக்கிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன். அழிச்சிட்டு மறுபடி அடிக்கலாமாமே... யாரிடம் சொல்லி அழ?

எழுபதுகளில், எம்.இ. கடைசி வருஷம், இதே ஃபில்டருக்குத்தான் நானும் ஒரு புரோகிராம் எழுதினேன். அப்போது திரை ஏது? வரிக்கு ஓர் அட்டை. அட்டையில் போடும் துளைதான் எழுத்து. வரிசை மாறாமல் மெஷினுக்குள் போக வேண்டும். அந்த மெஷினில் எனக்குக் கிடைத்த கடைசி முறை, பொங்கல் முடிந்த திங்கட்கிழமை. ஓடினால் டிகிரி. டிகிரி வந்தால் ஒரு வயர்லெஸ் கம்பெனியில் வேலை. ஓடாவிட்டால்? அதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

சரிபார்க்கலாம் என்று அட்டைக் கட்டோடு ஆரணிக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டில் ரப்பர் பேண்ட் அறுந்தது — அத்தனையும் தரையில். கூட்டிப்போக வந்திருந்த ஏகாம்பரம் மாமா, என் அக்கா புருஷன், பட்டு நெசவாளி, ஜனங்கள் காலுக்கு நடுவே மண்டியிட்டுப் பொறுக்கினார். வீட்டில் ஒரு பகல் முழுக்க நான் அவற்றை வரிசைப்படுத்தியதைத் தறியில் உட்கார்ந்தபடியே பார்த்தார்.

“இன்னா மச்சான், தனித்தனியா வெச்சிகினு இப்பிடி பேஜார் பட்டுகினு கீற? எங்க தறியில ஒரு அட்டையாவது சிதறுதா பாரு.”

மறுநாள் அக்காவோடு படவேடு கோயிலுக்குப் போய்த் திரும்பினேன். மாமா சிரித்தபடி என் அட்டைக் கட்டை நீட்டினார்.

பட்டுத்தறி பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்டரில் மயிலும் யானையும் விழுவதற்காகத் தறிக்கு மேலே துளை போட்ட அட்டைகள் சரமாகத் தொங்கும். ஓரங்களில் ஓட்டை போட்டு, ஒன்றோடொன்று நூலால் கோத்திருப்பார்கள். என் அட்டைகளையும் மாமா அப்படியே கோத்துவிட்டார். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் புது ஓட்டை!

“இனிமே எங்க உழுந்தாலும் சிதறாது மச்சான். உங்க காலேஜுல யாருக்கும் இது தோணலியா?”

அந்த ஓட்டைகளையும் மெஷின் எழுத்தாகத்தான் படிக்கும். என் புரோகிராம் முழுக்க உளறலாகிவிட்டது. திட்ட வாயெடுத்தேன்... பஸ் ஸ்டாண்டில் மண்ணான அவர் வேட்டி ஞாபகம் வந்தது. அக்கா வேறு பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நல்லா இருக்கு மாமா” என்றேன்.

மறுபடி புது அட்டையில் அடிக்கலாமென்றால், காலேஜில் துளை போடும் இடம் பொங்கலுக்குப் பூட்டிக் கிடந்தது. திங்கட்கிழமை என் முறை வேறொருவனுக்குப் போயிற்று. டிகிரி போயிற்று, வேலையும் போயிற்று. இன்னொரு வருஷம் படிக்க வைக்க அப்பாவால் முடியவில்லை. தறியும் ஓட்டத் தெரியாது, வயர்லெஸ்ஸும் கைக்கு வரவில்லை... இப்படிப்பட்டவனுக்குப் பத்திரிகை ஆபீஸை விட்டால் வேறு போக்கிடம் ஏது?

கெட்டவன் செய்த கெடுதலைத் திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம். பாசத்தோடு செய்ததை என்ன செய்வது? இத்தனை வருஷமாகியும் எனக்கு விளங்கவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் மாமா கேட்கிறார்: “அன்னிக்கு நான் கோத்துக் குடுத்தது தாங்குச்சா மச்சான்?”

தாங்கியது என்றுதான் சொல்கிறேன். பொய்யில்லை. அந்தக் கட்டு என் வீட்டுப் பரணில் கிடக்கிறது.

இன்றுவரை ஓர் அட்டைகூடச் சிதறவில்லை.