துணி கிளிப் போட்ட ஏழாம் அத்தியாயம்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளை எல்லாரும் பிரேக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தைந்து வருடமாகப் பயிற்சி வண்டியின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டே பிழைப்பு நடத்தியவள். அந்தக் கால் சும்மா இருக்காது. சாப்பாட்டு மேசைக்கு அடியில் தரையை அமுக்கும், பஸ்ஸில் போனால் முன் இருக்கையின் முதுகை அமுக்கும், சோபாவில் உட்கார்ந்தால் கணவரின் பாதத்தை அமுக்கும். "என்னை எத்தனை தடவைதான் நிறுத்துவே" என்று அவர் காலை இழுத்துக்கொள்வார்.

புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாள் அவள் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "பயப்படாதீங்க. நீங்க என்ன தப்பு பண்ணாலும் என் கால் பிரேக்லதான் இருக்கு." இதை நம்பித்தான் ஊரில் பாதிப் பேர் ஸ்டியரிங்கைத் தொட்டார்கள்.

அப்படிப்பட்டவளுக்குப் புத்தகம் போடுகிற ஆசை வந்தது. வந்தது போகவும் இல்லை. இரண்டு வருடம், வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில், நிறுத்தி வைத்த வண்டிக்குள்ளேயே ஸ்டியரிங்கில் நோட்டைச் சாய்த்து எழுதினாள். பதினாறு அத்தியாயம், பதினாறு பேர். கியர் மாற்றும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்ளும் வங்கி மேலாளர், பின்னால் எடுக்கச் சொன்னால் அழுதுவிடும் மல்யுத்த வீரர், விவாகரத்தான மறுநாளே வண்டி கற்றுக்கொள்ள வந்து நின்ற பெண். தலைப்பு 'என் கால் பிரேக்கில் இருக்கிறது'. இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பினாள். ஒன்று பதிலே போடவில்லை, இன்னொன்று வாழ்த்துகளோடு திருப்பி அனுப்பியது. சரி, நாமே போட்டுவிடுவோம் என்று கிளம்பிவிட்டாள். பள்ளியின் வெள்ளி விழா அடுத்த மாதம். அன்றைக்கே புத்தகமும் வெளிவரும் என்று ஊருக்கெல்லாம் அழைப்பு அனுப்பியாயிற்று. புத்தகம் இன்னும் அச்சகத்துப் படி ஏறவில்லை.

அச்சகத்துக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு பேசுகிறவர். இயந்திரச் சத்தத்தில் பழகி, அமைதியான இடத்திலும் உரக்கத்தான் பேசுவார்.

"முந்நூறு பிரதி அடிச்சிடுங்க" என்றாள் அவள். உட்காரக்கூட இல்லை.

"முதல் புத்தகம் போட வர்றவங்க எல்லாருமே எண்ணிக்கையிலதான் ஆரம்பிக்கிறாங்க மேடம். அப்புறம் கட்டுக் கட்டா கட்டிலுக்கு அடியில வச்சுக்கிட்டு, வீட்டுக்கு வர்றவங்க கையிலெல்லாம் ஒண்ணு திணிக்கிறாங்க. கொஞ்ச நாள்ல யாருமே வர்றதில்லை. யார் படிச்சுப் பார்த்தாங்க இதை?"

"வீட்டுக்காரர் படிச்சார். சூப்பர்னு சொன்னார்."

"எத்தனை பக்கம் படிச்சார்?"

நாலு பக்கம். நாலாவது பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றாமலே தூங்கிப்போனார். அதை அவள் சொல்லவில்லை. "என்கிட்ட கத்துக்கிற ஒரு டாக்டரம்மாவும் படிச்சாங்க. பிரமாதம்னாங்க."

"லைசென்ஸ் வாங்கிட்டாங்களா அவங்க?"

"இன்னும் இல்ல."

"அப்ப பிரமாதம்னுதான் சொல்வாங்க." அவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "பதிப்பகத்துல போட்டா நடுவுல ஒரு ஆள் இருப்பார். இது வேணாம், அது சரியில்லன்னு உங்களை நிறுத்துவார். இங்க அப்படி யாரும் கிடையாது. நானும் படிக்க மாட்டேன். எழுத்து தெளிவா விழுந்திருக்கா, பக்கம் வரிசையா இருக்கான்னுதான் பார்ப்பேன். நீங்க என்ன குடுக்கறீங்களோ அதுதான் அச்சாகும். அதனால, முதல்ல ஒரே ஒரு பிரதி அடிச்சுத் தரேன். உங்க மேல பாசம் இல்லாத ஆளா ஒருத்தரைப் பார்த்து அதைக் குடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சரின்னு சொல்லிட்டீங்கன்னா விழாவுக்குப் புத்தகம் வந்துடும்."

இரண்டாவது பிரேக் இல்லாத வண்டி என்று அவளுக்குப் பட்டது. அப்படி ஒரு வண்டியில் அவள் இதுவரை யாரையும் ஏற்றியதில்லை.

அந்த ஒற்றைப் பிரதி வந்த அன்று அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முகர்ந்து பார்த்தாள், அலமாரியில் நிற்க வைத்துத் தள்ளி நின்று பார்த்தாள், வண்டிக்கு எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்தாள். ஆனால் பாசம் இல்லாத ஆளுக்கு எங்கே போவது? தெரிந்தவர்களில் பாதிப் பேர் சொந்தம், மீதிப் பேர் லைசென்ஸுக்குக் காத்திருப்பவர்கள். யோசிக்க யோசிக்க ஒரே ஒரு ஆள்தான் மிஞ்சினாள். மாடியில் குடியிருக்கும் நாத்தனார்.

நாத்தனார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்கச் சின்னச் சின்னக் குழாய்களில் ஒட்டியிருக்கும் பெயரையும் எண்ணையும் இரண்டு இரண்டு தடவை படித்துச் சரிபார்ப்பது அவள் வேலை. அந்தக் கண்ணில் ஒன்றும் தப்பாது. பாசத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பதினொரு வருடமாக இரண்டு பேருக்கும் நடுவில் "மோட்டார் போட்டாச்சா", "பால் வந்துச்சா" என்பதைத் தாண்டிப் பேச்சு போனதில்லை.

சிக்கல் என்னவென்றால், ஏழாம் அத்தியாயமே நாத்தனாரைப் பற்றியது. பெயர் போடவில்லை. 'ஆக்ஸிலேட்டர் ராணி' என்று தலைப்பு, 'என் நெருங்கிய உறவினர் ஒருவர்' என்று தொடக்கம். புத்தகத்திலேயே சிரிப்பு அதிகமாக வருகிற அத்தியாயம் அதுதான். நாற்பது வயதில் வண்டி கற்க வந்தவள், தெருமுனைத் திருப்பத்தில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலேட்டரை மிதித்தாள், வண்டி நடைபாதையில் ஏறி ஒரு வீட்டு கேட் தூணை முட்டிக்கொண்டு நின்றது. நல்லவேளை, நடைபாதையில் யாரும் இல்லை. நாத்தனாருக்கு மட்டும் மணிக்கட்டு உடைந்தது. பரிசோதனைக் கூடத்தின் புதுக் கிளைக்கு அவளைப் பொறுப்பாகப் போடுவதாக இருந்தார்கள். வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதற்காகத்தான் கற்க வந்தாள். கட்டுப் பிரிப்பதற்குள் அந்த இடத்துக்கு வேறொருவர் போய்விட்டார். அப்புறம் அவள் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. குடும்பத்தில் யாருக்காவது எங்காவது போக வேண்டியிருந்தால் பிரேக்கக்காவின் கணவர் சொல்வார்: "என் தங்கச்சியைக் கூப்பிடு, சுவரைத் தாண்டியே கொண்டுபோய் விட்டுடுவா." பதினொரு வருடமாக அதே ஜோக்குக்கு அதே சிரிப்பு. நாத்தனாரும் சிரிப்பாள், உதட்டளவில்.

பிரேக்கக்கா ஒரு காரியம் செய்தாள். இருபத்தைந்து வருட அனுபவசாலி செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். துணி காயப்போடும் கிளிப் இரண்டை எடுத்து, ஏழாம் அத்தியாயத்தின் பக்கங்களை மட்டும் சேர்த்துப் பிடித்துக் கவ்வ வைத்தாள். மாடி ஏறினாள்.

"எழுதினதைப் புத்தகமா போடப் போறேன். நீ படிச்சு, தப்பு இருந்தா குறிச்சுக் குடு. கிளிப் போட்டது மட்டும் இன்னும் சரியா வரல. அதை விட்டுடு."

நாத்தனார் புத்தகத்தை வாங்கினாள், கிளிப்பைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "சரி அண்ணி" என்றாள்.

அடுத்த மூன்று நாளும் பிரேக்கக்கா பட்ட பாடு சொல்லி முடியாது. மேலே நாற்காலி நகர்ந்தால் இவள் தலை நிமிரும். வகுப்பில் ஒன்றுமே இல்லாத நேரான சாலையில் திடீரென்று பிரேக்கை அமுக்கினாள். ஸ்டியரிங் பிடித்திருந்த டாக்டரம்மா பயந்துபோய், "என்னக்கா, யாராவது குறுக்க வந்தாங்களா?" என்று கேட்டாள். "வர்ற மாதிரி இருந்துச்சு" என்று சமாளித்தாள். வியாழக்கிழமை அச்சகத்துக்காரர் இரண்டு தடவை போன் செய்தார். எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கதவுக் கைப்பிடியில் ஒரு பையில் புத்தகம் தொங்கியது. நாத்தனார் வேலைக்குப் போய்விட்டாள். கிளிப் இரண்டும் வைத்தது வைத்தபடியே இருந்தன. பிரேக்கக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நின்றபடியே புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் பென்சிலில் பொடிப்பொடியாக எழுத்து. 'இதை மூணாவது அத்தியாயத்துலயே சொல்லிட்டீங்க.' 'இந்த வங்கி மேலாளர் முதல்ல குட்டைன்னு இருக்கு, இங்க உயரம்.' 'இந்த இடம் நல்லா இருக்கு.' அந்தக் கடைசி வரியை நாலு தடவை படித்தாள். சரியான ஆளிடம்தான் கொடுத்திருக்கிறோம் என்று சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே. கிளிப்பைக் கழற்றினாள். ஏழாம் அத்தியாயத்தின் முதல் பக்க ஓரத்தில் ஒரே ஒரு வரி இருந்தது.

'அன்னைக்கு உங்க கால் எங்க இருந்துச்சு அண்ணி?'

அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கால் அன்றைக்கு பிரேக்கில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, வீட்டு ஆள், காலி ரோடு. செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் இருக்கை மேல் மடக்கிப் போட்டு, முழுக்க நாத்தனார் பக்கம் திரும்பி உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வங்கி மேலாளர் கதைதான். அவர் கண்ணை மூடுவதை நடித்துக் காட்ட, தன் கண்ணையும் மூடிக் காட்டினாள். நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். திருப்பம் வந்தது. தப்பான பெடலை மிதிக்காத புது ஆள் உலகத்தில் உண்டா? அதற்குத்தானே இரண்டாவது பிரேக். ஆஸ்பத்திரியில் எல்லாரும் என்ன ஆச்சு என்று கேட்டபோது, "ஆக்ஸிலேட்டரை மிதிச்சுட்டா" என்று சொன்னாள். பொய் இல்லை. பாதியோடு நின்ற உண்மை. அந்தப் பாதியைப் பதினொரு வருடம் பூசி மெழுகி, மெருகேற்றி, இப்போது முந்நூறு பிரதி அடிக்கவும் கொண்டுபோயிருக்கிறாள்.

போன் அடித்தது. இந்தத் தடவை எடுத்தாள்.

"மேடம், சரின்னு சொல்லுங்க. மெஷினைக் காலியா வச்சிருக்கேன்."

"சரியில்ல. ஏழாவது அத்தியாயம் மாறுது."

"அப்ப விழாவுக்குப் புத்தகம் வராது. அழைப்பெல்லாம் அனுப்பிட்டீங்களே."

"அனுப்பிட்டேன்தான். வர்றவங்க டீ குடிச்சுட்டுப் போகட்டும்."

சாயங்காலம் நாத்தனார் வேலை முடிந்து வரும்வரை அவள் மாடிப்படியிலேயே இருந்தாள். ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். நாத்தனார் சாவியைக் கையில் எடுத்தபடி வந்து நின்றாள்.

"சீட்டு மேல மடக்கி வச்சிருந்தேன்" என்றாள் பிரேக்கக்கா.

"தெரியும் அண்ணி. பக்கத்துலதானே இருந்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன். ஒரு வாரம், ஒரு மாசம்னு பார்த்தேன். அப்புறம் அண்ணன் ஜோக் அடிக்க ஆரம்பிச்சாரு. நீங்களும் சேர்ந்து சிரிச்சீங்க." குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"தப்பு என்னோடது. அந்தக் கிளைப் பொறுப்பு உன் கையை விட்டுப் போனதும் என்னாலதான்."

நாத்தனார் கதவைத் திறந்தாள். உள்ளே கூப்பிடவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை. "எழுதிட்டுக் கொண்டு வாங்க" என்றாள்.

எழுதினாள். நாலு நாளில் நாலு தடவை எழுதினாள். முதல் தடவை தன்னைத் திட்டியே மூன்று பக்கம் நிரப்பியிருந்தாள். நாத்தனார் அந்த மூன்று பக்கத்தையும் பென்சிலால் ஒரே கோடாக அடித்து, 'இது வேணாம், நடந்ததை மட்டும் சொல்லுங்க' என்று எழுதியிருந்தாள். நாலாவது தடவை, பிரேக்கக்கா சுவரோரம் நின்று விரலைக் கடித்துக்கொண்டிருக்க, நாத்தனார் கடைசி வரி வரைக்கும் படித்து, ஒரே ஒரு இடத்தில் 'இடது மணிக்கட்டு' என்பதை 'வலது' என்று திருத்தினாள்.

"இப்ப அச்சுக்குக் குடுக்கலாமா?"

"குடுங்க. ஆனா விழா அன்னைக்கு, நம்ம வீட்டு ஆளுங்க எல்லாரும் முன்னாடி உட்கார்ந்திருக்கும்போது, இந்த அத்தியாயத்தை நீங்களே வாசிக்கணும்."

விழாவுக்குக் கூட்டம் நிறையவே வந்தது. புத்தகம் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் அடுத்த மாதம் என்று சொல்லி வாய் வலித்தது. முதல் வரிசையில் கணவரும் பக்கத்தில் நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார்கள். மேடை ஏறும்போது மனைவி முதல் படியிலேயே நின்று தயங்குவதைப் பார்த்துவிட்டு, கணவர் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "பயப்படாதே, என் தங்கச்சி ஓட்டல" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். நாத்தனார் உதட்டளவில்கூடச் சிரிக்கவில்லை. நேராக மேடையைப் பார்த்தாள்.

பிரேக்கக்கா தாளைப் பிரித்தாள். பழகிய கால் தரையைத் தேடி ஒரு தடவை அமுக்கியது. அதை எடுத்துவிட்டு, நிமிர்ந்து, நாத்தனாரைப் பார்த்து வாசித்தாள்.

"அன்று என் கால் பிரேக்கில் இல்லை."