மசாக்கிக்கு ஒரு வீடு

பாலாவிச் சந்தியில் ஒரு பாமசியில் வேலை செய்கிற அக்கீலாவுக்கு ஆம்பிளைகளைக் கண்டால் இளக்காரம். மரியாதைக் குறைவாக ஒரு சொல் அவள் வாயிலிருந்து வராது. முகம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடும். அவளைக் குறை சொல்லியும் பயனில்லை. லொறி ஓட்டுகிறவனானாலும் உப்பளத்து முதலாளியானாலும் கடைக்குள் வந்ததும் இரண்டு பக்கமும் பார்ப்பான். பிறகு மேசையில் சாய்ந்து மருந்தின் பெயரைக் குசுகுசுப்பான். மூலத்துக்கு மருந்து கேட்கிறவன்கூடக் கூட்டாளி ஒருத்தனுக்கு என்றுதான் கேட்பான். சொறிந்துகொண்டே, சொறிக்கு மருந்து கூட்டாளிக்கு என்று கேட்டவனும் உண்டு. இத்தனை நோயையும் வாங்கிக்கொண்டு அந்தக் கூட்டாளி எங்கேதான் படுத்துக் கிடக்கிறானோ என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

இந்த இளக்காரத்துக்கு நல்ல தீனி போட்டது மசாக்கி மஜ்லிஸ். பெயரைக் கேட்டுவிட்டு அங்கே ஓதுகிறார்கள் என்று யாரும் நினைக்கவேண்டாம். ஜப்பான்காரரின் படக்கதை, மங்கா என்பார்களே, அதில் ஒன்றை வாரா வாரம் ஃபோனில் வாசித்துவிட்டு வட்சப்பில் அடிபடுகிற கூட்டம் அது. புத்தளம், கற்பிட்டிப் பொடியன்கள்தான் பெரும்பாலும். கட்டாரில் வேலை செய்கிறவர்கள் சிலரும் சென்னைப் பையன் ஒருவனும் இருந்தார்கள். அக்கீலாவை அதில் சேர்த்துவிட்டவள் அவளுடைய தங்கை ஸஃப்னா. ராத்தாவுக்குச் சிரிக்க ஏதாவது கிடைக்கட்டும் என்றுதான் சேர்த்தாள்.

கதை இதுதான். மசாக்கி என்பவன் படகு திருத்துகிற ஒருவரின் ஒரே மகன், தாய் இல்லை. ஃபுமி என்றொரு பெண்ணை விரும்புகிறான். ஃபுமியின் குடும்பம் பரம்பரையாக சோயா சோஸ் காய்ச்சுகிற குடும்பம். ஆண் வாரிசு கிடையாது. அவளைக் கட்டுகிறவன் தன் குடும்பப் பெயரை விட்டுவிட்டு, அவர்களுடைய பெயரை வைத்துக்கொண்டு, அவர்களுடைய வீட்டிலேயே வந்து இருக்கவேண்டும். போனால் தகப்பன் தனித்துப் போவார், போகாவிட்டால் ஃபுமி இல்லை. இதற்காக மசாக்கி பாகம் பாகமாகக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். உலகம் முழுக்க இருக்கிற ரசிகர்கள் அவனுக்காக அழுதார்களாம். பெண் வீட்டுக்குப் போய் இருப்பது ஓர் ஆணுக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று சென்னைப் பையன் உருகி உருகி எழுதினான்.

மஜ்லிஸ் விழுந்து விழுந்து சிரித்தது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகாமல் வேறெங்கே போவான்? இந்தக் கரையில் பெண்ணைப் பெற்றவன் வீடு கொடுப்பான். மாப்பிள்ளை சூட்கேஸோடு போய் ஏறுவான். அதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று இவர்களுக்கு விளங்கவேயில்லை. அந்த வீட்டுக்கு டைல்ஸ் பதித்திருக்கிறதா என்று ஒருவன் கேட்டான். மேல்மாடி உண்டா என்று இன்னொருவன் கேட்டான். மசாக்கி அழுகிற அழுகையைப் பார்த்தால் கூரை ஒழுகுகிற வீடாகத்தான் இருக்கவேண்டும் என்று கடைசியில் ஒருமனதாக முடிவு செய்தார்கள். ஜப்பான்காரன் அழுதுகொண்டு போகிற வீட்டுக்கு எங்கள் ஊர்ப் பொடியன்கள் அளவு நாடாவோடு போவான்கள் என்று அக்கீலா ஸஃப்னாவிடம் சொன்னாள்.

ஊர்ப் பொடியன்களில் சிரிக்காதவன் ஒருவன் இருந்தான். நிஸார். மாம்புரியில் தலைமுறை தலைமுறையாகத் தென்னங்காணி வைத்திருக்கிற குடும்பம். காணியை வாப்பா பார்த்தார், நிஸார் மசாக்கியைப் பார்த்தான். மசாக்கியின் மனதை விளக்குவதற்கென்றே ஒரு யூடியூப் சனல் நடத்தினான். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து சோறும் தின்றபிறகு மஜ்லிஸில் அவன் பேசிப் பதிந்த குரல் வரும். நல்ல குரல், அதை மறுக்க முடியாது. மற்றவர்கள் டைல்ஸைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்த அந்த வெள்ளிக்கிழமை அவன் சொன்னான்:

"விரும்புறவன் வீட்டப் பாக்க மாட்டான். ஓலக் கொட்டிலா இருந்தாலும், அதுக்குள்ள அவள் இருக்கிறாள் எண்டா அவனுக்கு அது போதும்."

ஓலைக் கொட்டில் என்ற சொல் அக்கீலாவை எங்கேயோ தொட்டுவிட்டது. ஓர் ஆம்பிளையை இளக்காரமாகப் பார்க்க அன்றைக்குத்தான் முதன்முறையாக மறந்துபோனாள். பதில் போட்டாள். அவன் அதற்குப் பதில் போட்டான். மசாக்கியில் தொடங்கிய கதை மசாக்கி இல்லாமலும் நடக்கத் தொடங்கியது. கடைசியில் மாம்புரியிலிருந்து தில்லையடிக்கு, அவளுடைய வீட்டுக்கு, முறைப்படி சம்பந்தம் பேச ஆள் வந்தது. ஓம் என்றாள். அந்த ஓமை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன் மேலேயே இளக்காரம் வரும்.

அக்கீலாவின் வாப்பா ஹயாத்து முகம்மது தொண்ணூறாம் ஆண்டுப் போரில் மன்னார் முஸ்லிம்கள் எல்லாரோடும் துரத்தப்பட்டு, உடுத்த துணியோடு புத்தளம் வந்து சேர்ந்தவர். அப்போது இளந்தாரி. முகாமில் ஓலைக் கொட்டிலில் கிடந்து, மேசன் வேலை பழகி, ஊராருக்கெல்லாம் வீடு கட்டினார். மிஞ்சிய நேரத்திலும் மிஞ்சிய கல்லிலும் தில்லையடியில் தனக்கென்று ஒன்று கட்டினார். இரண்டு அறை, ஒரு மண்டபம், ஒரு குசினி. சின்ன வீடுதான், ஆனால் சுவர் ஒன்றிலும் கோணல் கிடையாது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு வீடு கட்டிக் கொடுக்க அவரிடம் காணியும் இல்லை, உடம்பில் பழைய தெம்பும் இல்லை.

நிஸாரின் உம்மா றஹ்மத் உம்மா மகனையும் கூட்டிக்கொண்டு வீடு பார்க்க வந்தார். பெண்ணை ஏற்கெனவே பார்த்தாயிற்று, இது வீட்டுக்கான முறை. பைப்பைத் திறந்து தண்ணீர் வருகிற வேகத்தைப் பார்த்தார். அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டுச் சுவரில் ஈரம் இருக்கிறதா என்று தடவினார். ஜன்னல்களை மூடித் திறந்தார். பிறகு வந்து உட்கார்ந்து, கெட்ட எண்ணம் எதுவுமில்லாமல், ஊர் வழக்கத்தைச் சொன்னார்:

"வீடு சின்னந்தான், பரவாயில்ல. மகள்ட பேருக்கு எழுதிருங்க. ஒங்களுக்கும் சின்னவளுக்கும் பின்னுக்கு ஒரு பத்திய எறக்கினாப் போதும்தானே?"

போதும் என்றார் ஹயாத்து முகம்மது. மூத்தவளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுச் சுவரோடு பத்தி என்கிற சாய்ப்பை இறக்கிப் பின்னால் போன வாப்பாமார் அந்த ஒழுங்கையிலேயே இருந்தார்கள். அக்கீலாவும் அதைப் பார்த்தே வளர்ந்தவள், அவளுக்கும் அது புதினமாகப் படவில்லை. அவள் பார்த்தது நிஸாரைத்தான். ஓலைக் கொட்டில் போதும் என்ற வாய் இப்போது என்ன சொல்லப்போகிறது என்று பார்த்தாள். நிஸார் கதிரையில் இருந்து வட்டிலப்பம் தின்றுகொண்டிருந்தான். பீங்கானைக் கரண்டியால் வழித்து முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. வாய் நிறைய வட்டிலப்பம் இருந்ததால் பேசவில்லையாக்கும் என்று அன்றைக்கு அவள் தன்னைச் சமாளித்துக்கொண்டாள்.

பத்தி எழும்பியது. வாப்பாவே கல் வைத்தார், வாப்பாவே தகரம் போட்டார். முடிந்த அன்று பின்னேரம், துணி காயப்போடப் போன அக்கீலா அவர் உள்ளே பாயை விரித்துப் படுத்துப் பார்ப்பதைக் கண்டாள். நேராகப் படுத்தால் தலை சுவரில் முட்டியது, கால் வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. குறுக்கே படுத்தால் உம்மாவுக்கும் ஸஃப்னாவுக்கும் இடமில்லை. ஊருக்கெல்லாம் அறை அளந்து கட்டிக் கொடுத்த மனிதர், தன் கால் எங்கே போகும் என்று மாறி மாறிப் புரண்டு பார்த்தார். மகள் நிற்பதைக் கண்டதும் சிரித்துக்கொண்டு எழும்பினார்.

"தொண்ணூறுல வந்து கொட்டிலுக்குள்ள மழைல நனஞ்சிக்கிட்டுப் படுத்தவன் நான். அதோட பாக்கக்கொள்ள இது மாளிக, மகள்."

அக்கீலாவுக்கு ஈரத் துணி கையில் கனத்தது. வாப்பாவை ஒரு தரம் ஆயுதத்தைக் காட்டி வீட்டை விட்டு எழுப்பினார்கள். இரண்டாம் தரம் வட்டிலப்பம் தின்றுகொண்டு எழுப்புகிறார்கள். இந்த முறை எழுப்புகிறவர்களில் தானும் ஒருத்தி என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாக ஆத்திரம் வந்தது.

வெள்ளிக்கிழமை அவள் மஜ்லிஸில் ஒரு செய்தி போட்டாள். பாமசிக்கு வருகிற ஆம்பிளைகளிடம் படித்த வித்தைதான் அது. அடுத்த பாகத்தின் கதை வெளியே கசிந்திருக்கிறது என்று எழுதினாள். சோயா சோஸ் பட்டறை எரிந்துவிட்டது. ஃபுமியின் குடும்பம் ஒரு சின்ன வீட்டுக்கு வந்துவிட்டது. மசாக்கி அந்த வீட்டுக்கு வந்தால் ஃபுமியின் தகப்பனும் தாயும் தங்கையும் பின்னால் ஒரு பத்திக்குள் போகவேண்டும். அந்த வீட்டைக் கட்டியவரே தகப்பன்தான். பத்திக்குள் அவருக்குக் கால் நீட்ட இடமில்லை. இவ்வளவும் தெரிந்த மசாக்கி என்ன செய்யவேண்டும்?

தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த ஸஃப்னா, வாசித்து முடிக்கும் முன்பே, "ராத்தா, இது எங்கட வாப்பா" என்றாள். பேசாமல் இருக்கச் சொன்னாள் அக்கீலா.

மஜ்லிஸ் கொதித்தது. தகப்பன் பத்தியை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கட்டியிருக்கலாமே என்றான் டைல்ஸ் கேட்டவன். பட்டறை எரிந்தது கதையில் பெரிய ஓட்டை என்றான் ஒருவன். எப்போதும் பக்கம் பக்கமாக எழுதுகிற சென்னைப் பையன் அன்றைக்கு ஒரே வரி எழுதினான்: அந்த வீட்டில் அவன் எப்படித் தூங்குவான்? எல்லாரும் நிஸாருக்காகக் காத்திருந்தார்கள். அக்கீலாவும்தான். அவன் குரலில் ஒரு தடுமாற்றம், ஒரு சின்ன மௌனம் வந்தால் போதும், மன்னித்துவிடலாம் என்று இருந்தாள்.

நிஸாரின் குரல் வந்தது. தேன் மாதிரி வந்தது. தகப்பன் செய்வது தியாகம் என்றான். அதை மறுப்பது அவரை அவமதிப்பதாகும் என்றான். ஆகவே மசாக்கி அந்த வீட்டுக்குப் போகத்தான் வேண்டும். முன்னறையில் படுத்துக்கொண்டு பின்னால் கிடக்கிறவரை நினைத்து நினைத்து உள்ளுக்குள் வேதனைப்படவேண்டும். அந்த வேதனைதான் மசாக்கியின் தியாகம், தகப்பனுடையதைவிட அது ஒரு படி மேல் என்று முடித்தான். பொடியன்கள் வரிசையாக மாஷா அல்லாஹ் போட்டார்கள். இவ்வளவு அழகாக ஒருவன் குருடனாக இருக்கமுடியும் என்று அக்கீலாவுக்கு அதுவரை தெரியாது.

அடுத்த நாள் மதியம் அவனே பாமசிக்கு வந்தான். பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது, சூப்புகிற மருந்து கேட்டான். அவள் எடுத்து வைத்தாள். கடையில் வேறு ஆளில்லை. ஆனாலும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் மெதுவாகக் கேட்டான்:

"அந்தக் கதைய எங்க பாத்தீங்க? நான் தேடாத எடமில்ல. ஒண்டுலயும் இல்லியே."

"எங்கட வீட்டுல."

நிஸார் அவளைப் பார்த்தான். முகத்தில் ஏதோ ஒன்று வந்தது. இப்போது விளங்கிவிடும் என்று ஒரு கணம் அவளும் நம்பினாள்.

"அப்ப மங்காவுல அப்பிடி ஒண்டும் வரலியா?"

"இல்ல."

"நான் வீடியோ போட்டுட்டேனே" என்றான் அவன். முகம் வெளிறியிருந்தது. "எல்லாரும் சிரிப்பாங்களே. அத இப்ப எடுக்கணும்."

அக்கீலாவுக்குக் கோபம்கூட வரவில்லை. பழைய இளக்காரம் திரும்பி வந்து, தன் இடத்தில் வசதியாக உட்கார்ந்துகொண்டது.

"எடுங்க. எடுத்திட்டு ஒங்கட உம்மாட்டப் போய்ச் சொல்லுங்க, அந்த வீடு தர ஏலாது எண்டு. அதுக்குள்ள ஆள் இருக்கி எண்டு சொல்லுங்க."

அவன் அப்போதுதான் மேசையைப் பிடித்துக்கொண்டான். உம்மாவிடம் அப்படியெல்லாம் தன்னால் சொல்ல முடியாது என்றான். யாரையாவது பெரியவர்களை வைத்து அவளே சொல்லிவிட்டால் நல்லது என்றான். அவள் மருந்தை உறையில் போட்டு அவன் பக்கம் தள்ளினாள்.

"கூட்டாளி ஒருத்தன்ட கத எண்டு சொல்லிப் பாருங்க."

அவன் சொன்னானோ இல்லையோ, சம்பந்தம் முறிந்தது. பிறகு கற்பிட்டியில் மேல்மாடி வைத்த வீட்டுக்கு அவன் மாப்பிள்ளையாகப் போனான். மஜ்லிஸில் அவன் குரல் இன்னும் வருகிறதாம். அக்கீலா அதிலிருந்து விலகிவிட்டாள்.

வாப்பா சந்தோஷப்பட்டார் என்று யாரும் நினைக்கவேண்டாம். முறிந்த சம்பந்தத்தை ஊர் எப்படிப் பேசும் என்று அவருக்குத் தெரியும். "கால நீட்ட ஏலாதெண்டு நான் ஒன்கிட்ட வந்து மொறப்பட்டனா?" என்று ஒரு தரம் கேட்டார். அதன் பிறகு கொஞ்சக் காலம் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பத்தியைக் கழற்றச் சொன்னால், கட்டினது கிடக்கட்டும், இவளுக்கு இனி யார் வந்தாலும் தேவைப்படும் என்றார். வருகிறவன் பத்தியைப் பற்றி என்ன சொல்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் ஓம் சொல்வது என்று அக்கீலாவும் இருக்கிறாள். அப்படி ஒருவனும் இன்னும் வரவில்லை.

இப்போது அந்தப் பத்தியில் வாப்பா மதியத்தில் படுக்கிறார். களப்புக் காற்று அந்தப் பக்கம்தான் நன்றாக வருகிறதாம். தலை சுவரில் முட்ட, கால் வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கடை லீவு நாட்களில் அக்கீலா அந்தக் கால்களைச் சுற்றிக்கொண்டுதான் துணி காயப்போடப் போகிறாள்.