ஒரிஜினல் கேமில் அக்கா அவுட்

சின்ன வயதில் நானும் அக்காவும் ஆடிய வீடியோ கேமை இன்று முறைப்படி பணம் கட்டி லேப்டாப்பில் இறக்கினேன். தாம்பரம் மார்க்கெட்டில் அப்பா வாங்கித் தந்த மஞ்சள் கேசட் டூப்ளிகேட். எங்கள் வீட்டுக்கு ஒரிஜினல் வருவது இதுதான் முதல் முறை.

பீர்க்கன்கரணையிலிருந்து அக்காவை வரவழைத்தேன். அப்போதெல்லாம் லீவு விட்டால் எங்கள் சேலையூர் தெருப் பிள்ளைகள் மொத்தமும் அவள் ஆடுவதைப் பார்க்க டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும். முதல் பள்ளத்தைக் கண்ணை மூடிக்கொண்டே தாண்டுவாள்.

இன்று அதே பள்ளத்தில் விழுந்தாள். மூன்று முறை.

"வயசாயிடுச்சுடா" என்று லேப்டாப்பைத் தள்ளினாள். தோற்றுவிட்டு அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

சட்டென்று நிமிர்ந்தாள். "இரு, அந்த மியூசிக்கைக் கேளு. நம்ம வீட்ல இவ்ளோ ஸ்பீடா ஓடாதே? உன்னை நல்லா ஏமாத்திட்டாங்க. இதுதான் டூப்ளிகேட்."

நெட்டில் தேடினேன். ஒரிஜினலின் வேகமே இதுதானாம். நம் ஊர் பழைய டிவி நொடிக்குக் காட்டும் படங்கள் குறைவு என்பதால், இங்கேதான் அந்த கேம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. செட்டிங்ஸில் வேகத்தைக் குறைத்தேன்.

மியூசிக் இறங்கி, எங்கள் பழைய ஹாலில் கேட்ட மாதிரியே வந்தது. அக்கா கண்ணை மூடினாள். தாண்டினாள்.

"வயசெல்லாம் ஒண்ணும் ஆகலடா" என்றாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரிஜினல் வாங்கி, அதை டூப்ளிகேட் மாதிரி ஓட வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் எந்த ஸ்பீடு?