பரவாயில்லைப் பட்டியல்

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேரேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளும் கோபித்துக்கொள்ளாமல் "என்ன?" என்று திரும்புவாள். நாற்பத்திரண்டு வயது. பதினோரு வருடமாக ஜன்னலோரத்தில் ஒரே நாற்காலி. அவள் பார்க்கும் வேலை என்னவென்று சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது, புரிந்தவர்கள் "இதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்பார்கள். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

ஆய்வேடு, புத்தகம் என்று பெரிதாக எழுதுகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகத்தினர் எழுத்தோடு எழுத்தாகக் கட்டளைகளையும் தட்டிக்கொண்டே போவார்கள். இது தலைப்பு, இது அடிக்குறிப்பு, இங்கே அட்டவணை ஆரம்பம், இங்கே முடிவு. திரையில் பார்த்தால் கோழி கிளறிய மாதிரி இருக்கும். அச்சாகி வந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். இன்னொரு ரகத்தினருக்கு அந்தக் கட்டளைகளைக் கண்டாலே ஆகாது. தலைப்பு தலைப்பாகவும் அட்டவணை கட்டம் கட்டமாகவும் கண்ணெதிரே தெரிந்தால்தான் கையே ஓடும். பூதக்கண்ணாடியின் நிறுவனம் இந்த இரண்டாம் ரகத்தினருக்காக ஓர் எழுது செயலி செய்து விற்றது. கட்டளைக் கோப்பை உள்ளே வாங்கிக் கட்டங்களாகக் காட்டும். வேலை முடிந்ததும் மறுபடி கட்டளைகளாக்கி வெளியே கொடுக்கும். அதுதான் அதன் பெருமை.

ஒரு கோப்பு இப்படி உள்ளே போய் வெளியே வருவதை அலுவலகத்தில் ஒரு நடை என்பார்கள். போனதும் வந்ததும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. தினமும் முந்நூறு கோப்புகள் ஒரு நடை போய்வரும். இயந்திரம் ஒப்பிட்டுப் பார்த்து, சரி என்றால் பச்சை காட்டும், வித்தியாசம் என்றால் சிவப்பு. சிவப்பாக வந்ததை இவள் உட்கார்ந்து துருவ வேண்டும்.

சிவப்பு எல்லாம் தப்பு ஆகிவிடாது. எங்கோ ஒரு வரி வேறு இடத்தில் மடிந்திருக்கும். எங்கோ ஓர் இடைவெளி கூட வந்து ஒட்டியிருக்கும். அச்சில் துளி மாற்றம் இருக்காது. அதற்கெல்லாம் தினம் தினம் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் அவளே ஒரு பட்டியல் ஆரம்பித்தாள். அதில் ஏறிய வித்தியாசத்தை இயந்திரம் கண்டுகொள்ளாமல் பச்சை காட்டிவிடும். அதற்கு அவள் வைத்த பெயர் பரவாயில்லைப் பட்டியல். இப்போது நாற்பத்தேழு உருப்படி. ஒவ்வொன்றுக்கும் தேதி, காரணம், அவள் கையெழுத்து. மேலாளரே வந்து நின்றாலும் சட்டென்று ஒன்றை ஏற்றிவிட மாட்டாள், மூன்று நாள் இழுத்தடிப்பாள். அந்த விஷயத்தில் அவள் கொஞ்சம் அலட்டல் பேர்வழிதான்.

வீட்டிலும் அதே கண். கணவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர், சாதுவான மனிதர்.

"இந்த டம்ளர் நேத்து இந்தப் பக்கம்தானே இருந்துச்சு?"

"நான்தான் கழுவி வெச்சேன். டம்ளரையும் ஒரு நடை விட்டுப் பார்க்கப் போறியா?"

இந்தக் கண் இருந்தும் கோட்டை விட்டாள் என்பதுதான் கதை.

அவளைவிட ஒன்பது வயது இளைய தங்கை ஒருத்தி உண்டு. அம்மா வேலைக்குப் போன வீட்டில் தங்கைக்குத் தலை பின்னி விட்டது, பள்ளிக்கூடத்தில் கொண்டு விட்டது எல்லாம் இவள்தான். தங்கை நிலத்தடி நீர் பற்றி ஆய்வு செய்தாள். ஊரின் ஓரத்தில் பதினோரு கிணறுகள், பன்னிரண்டு மாதங்கள். மாதம் ஒரு தடவை போய், கிணற்றுக்குள் அளவு நாடாவை இறக்கி, தண்ணீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது என்று குறித்துக்கொண்டு வருவாள். மூன்று கிணறுகள் இடையிடையே வறண்டன. வறண்ட மாதத்துக்கு அட்டவணையில் எதுவுமே எழுதாமல் கட்டத்தை வெறுமையாக விட்டாள்.

"பூஜ்யம் போட்டாதான் என்ன?" என்று அக்காள் கேட்டதற்கு, "பூஜ்யம்னா தண்ணி தரைவரைக்கும் நிக்குதுன்னு ஆயிடும்க்கா. தண்ணியே இல்லைன்னா வெத்துக் கட்டம்தான்" என்றாள்.

தங்கை கட்டளை ரகம். அவளுக்கு வாய்த்த வழிகாட்டிப் பேராசிரியர் கட்ட ரகம். இருவருக்கும் நடுவில் எப்படிக் கோப்பு போய்வரும் என்று அவள் கவலைப்பட்டபோது, அக்காள்தான் சிரித்தாள். "எங்க செயலி எதுக்கு இருக்கு? போகும், வரும், ஒரு புள்ளி மாறாது. தினம் முந்நூறு பார்க்கிறேன்டி நான்."

ஆய்வேடு போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் கழித்துத் தேர்வுக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. வரைபடத்தில் ஏழாம் கிணறு நான்காம் மாதம் வறண்டிருக்கிறது, அட்டவணையில் அதே மாதம் ஆறு மீட்டரில் தண்ணீர் இருக்கிறது. இன்னும் இரண்டு கிணறுகளிலும் இப்படியே. எண்கள் இட்டுக்கட்டப்பட்டவையோ என்ற ஐயம் எழுகிறது. வரும் வியாழக்கிழமை நேரில் வந்து விளக்கம் தராவிட்டால் ஆய்வேடு தள்ளுபடியாகும்.

தங்கை கடிதத்தோடு ஓடி வந்தாள். "நான் இப்படி எழுதவே இல்லக்கா. வறண்ட கிணத்துல எப்படிக்கா தண்ணி வந்துச்சு?"

பார்த்தால், படமாக ஒட்டிய வரைபடம் அப்படியே இருக்க, அட்டவணையில் வெற்றுக் கட்டத்தைக் காணோம். ஐந்தாம் மாத எண் நான்காம் மாதத்துக்கு நகர்ந்து, வரிசை முழுக்க ஒரு கட்டம் தள்ளி நின்றது. கையால் எழுதிய குறிப்பேட்டில் எல்லாம் சரி. ஆனால் குறிப்பேட்டை நேற்றுக்கூட உட்கார்ந்து எழுதலாமே என்பார்கள். பேராசிரியருக்கு முதன்முதலில் மின்னஞ்சலில் அனுப்பிய கோப்பு இருந்தது. அதிலும் சரியாகவே இருந்தது. அது இன்னும் வினை. முதலில் சரியாக இருந்ததை நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்றுதானே ஆகிறது? அதற்கப்புறம் இருவரும் பொதுவான இணையக் கோப்புறை வழியாகவே பரிமாறிக்கொண்டதால், இடைக்காலக் கோப்பு ஒன்றும் மிஞ்சவில்லை. வந்ததை எல்லாம் தங்கை அதே பெயரில் பழையதன் மேலேயே சேமித்துவிட்டாள். வெளியூரில் இருந்த பேராசிரியர் தொலைபேசியில் ஒரே வரியில் முடித்துக்கொண்டார், தான் எண்களைத் தொடவில்லை என்று.

பூதக்கண்ணாடி அந்த முதல் கோப்பை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் ஒரு நடை விட்டாள். பச்சை. வேறொரு கணினியில் விட்டாள். பச்சை. பேராசிரியரிடம் இருந்த செயலியின் பழைய பதிப்பைத் தேடி நிறுவி, முதல் கோப்பையே மறுபடி எடுத்து விட்டாள். அதுவும் பச்சை. ஏழாம் கிணற்றின் நான்காம் மாதம், சமர்த்தாக வெறுமையாக இருந்தது.

கட்டளைகளைக் கட்டங்களாக்கும் மாற்று நிரலை எழுதிய பொறியாளர் எட்டிப் பார்த்தார். "பச்சைதானே? அப்புறம் என்ன பார்க்கிறீங்க?"

"தப்பு எங்கேன்னு பார்க்கிறேன்."

"பச்சையிலயா?"

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பேருந்துக்கு நிற்கும்போது எதிரே நின்ற இரண்டு பேரின் சட்டைப் பொத்தான்களை எண்ணினாள். மூன்றாம் நாள் மதியம், சாப்பிட்டோமா இல்லையா என்பதே மறந்துபோய், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டாள். கோப்பு பொய் சொல்லாது, தங்கை பொய் சொல்ல மாட்டாள், செயலி பச்சை காட்டுகிறது. மூன்றும் உண்மை என்றால் தண்ணீர் எங்கிருந்து வந்தது? மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் மண்டை நிற்கும் போலிருந்தது. எதை விடுவது? பதினோரு வருடமாக அவள் நம்பியது பச்சையை.

புதன்கிழமை மாலை தங்கையின் சமையலறையில், பாத்திரம் துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டுவிட்டாள்.

"ஏண்டி, நீ எதையாவது மாத்தினியா? வேணும்னே இல்ல... வெத்தா இருக்கேன்னு... ஏதாவது போட்டு..."

தங்கை கையில் இருந்த தட்டை அலமாரியில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். "நீயே கேட்டுட்டியாக்கா" என்றாள். கேட்டவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது, ஆனாலும் மனதில் ஓர் ஓரம் பதிலுக்குக் காத்துக்கொண்டுதான் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வெட்கம்.

வியாழக்கிழமை. நீள மேசை, சுவரில் திரை, நான்கு பேர் கொண்ட குழு. தலைவி நரைத்த தலையும் கறாரான பேச்சுமாக இருந்தார். ஊர் திரும்பியிருந்த வழிகாட்டிப் பேராசிரியர் ஓரத்தில் இருமிக்கொண்டிருந்தார். தங்கை, அக்காளுக்கும் தனக்கும் நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள்.

"செயலியால் மாறியிருக்கலாம், அங்க வேலை பார்க்கிற அக்கா காட்டுவாங்கன்னு பதில்ல எழுதியிருக்கீங்க. காட்டுங்க" என்றார் தலைவி.

பூதக்கண்ணாடி முதல் கோப்பை எடுத்து, எல்லோர் முன்னாலும் ஒரு நடை விட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, தப்பாக வர வேண்டுமே என்று வேண்டிக்கொண்டாள். ஏழாம் கிணறு திரையில் வந்தது. நான்காம் மாதம் வெறுமையாகவே இருந்தது.

"சரியாத்தானே வந்திருக்கு?"

"ஆமாங்க மேடம்."

"அப்போ?"

அப்போ என்ன என்று அவளுக்கே தெரிந்தால்தானே சொல்லுவாள். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவி பேனாவை எடுத்து எதையோ எழுதப் போனார். அப்போது பேராசிரியர் தொண்டையைச் செருமினார்.

"நான் எண்களைத் தொடலை, அது உறுதி. முன்னுரையில ஒரு தடவை திருத்தினேன், அப்புறம் மேற்கோள், கடைசியா முடிவுரை. மூணு தடவை திருப்பி அனுப்பினேன், அவ்வளவுதான்."

"மூணு தடவையா?" என்றாள் பூதக்கண்ணாடி.

எத்தனை தடவை என்று இதுவரை அவள் கேட்கவே இல்லை. அலுவலகத்தில் நடை என்றால் ஒரு நடை. போனது, வந்தது, பச்சை, அடுத்த கோப்பு. வந்ததையே எடுத்து மறுபடி அனுப்பினால் என்ன ஆகும் என்று பதினோரு வருடத்தில் யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்தான்.

வந்த கோப்பையே மறுபடி உள்ளே விட்டாள். இரண்டாம் நடை. வெற்றுக் கட்டம் வெற்றாகவே இருந்தது. குழுவில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். அதையே எடுத்து மூன்றாம் நடை விட்டாள்.

ஏழாம் கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நான்காம் மாதம், ஆறு மீட்டர். மற்ற இரண்டு வறண்ட கிணறுகளிலும் அதே கதை.

"தப்பா வந்துடுச்சு!" என்று கத்தியேவிட்டாள். பிள்ளை பெற்ற வீட்டில் செய்தி சொல்வதுபோல அவள் கத்தியதைக் கேட்டு, கடிகாரம் பார்த்தவர் திடுக்கிட்டுப் போனார்.

பிறகு கோப்பைத் திறந்து, கட்டளைகளுக்கு நடுவே அந்த வரிசையைப் பார்த்தாள். முதல் நடை முடிந்தபோது வெற்றுக் கட்டத்துக்குள் ஓர் இடைவெளி சேர்ந்திருந்தது. இரண்டாம் நடையில் இரண்டு. மூன்று சேர்ந்ததும், குப்பை என்று நினைத்து மாற்று நிரல் கட்டத்தோடு பெருக்கித் தள்ளியிருந்தது. ஒரே ஓர் இடைவெளி. அதை எங்கோ பார்த்த ஞாபகம். எங்கே என்று நினைவு வந்ததும் சந்தோஷம் எல்லாம் வடிந்துவிட்டது.

பட்டியலில் முப்பத்தொன்றாவது உருப்படி. ஏழு வருடத்துக்கு முன்னால், அவள் கையாலேயே எழுதியது. "வெற்றுக் கட்டத்தில் ஓர் இடைவெளி கூடுகிறது. அச்சில் மாற்றமில்லை. பரவாயில்லை."

சொல்லாமல் விட்டிருக்கலாம். செயலியின் கோளாறு என்பது நிரூபணமாகிவிட்டது, யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

"மேடம், இது எனக்குத் தெரிஞ்ச வித்தியாசம்தான். ஏழு வருஷத்துக்கு முன்னாடி நான்தான் இதைப் பரவாயில்லைன்னு எழுதி வெச்சேன். அதனாலதான் இயந்திரம் பச்சை காட்டுச்சு. அவ மேல எந்தத் தப்பும் இல்ல."

தலைவி ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். "எழுத்துல குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தாள். ஆய்வேடு தப்பித்தது, அட்டவணையை மட்டும் திருத்தித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்ததன் நகலை மேலாளரிடம் தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கும், அவர் என்ன சொல்வாரோ, அது நாளைக்கு.

வெளியே படிக்கட்டு. இருவரும் இறங்கினார்கள். முதல் திருப்பத்தில் அக்காள் நின்றாள்.

"நேத்து உங்கிட்ட அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுடி. ஒண்ணும் புரியாம, ஏதோ குழப்பத்துல..."

"தெரியும்."

"மனசுல வெச்சுக்காத."

தங்கை பையைத் தோளில் சரி செய்துகொண்டாள். "அக்கா, பரவாயில்லைன்னு என்னால சொல்ல முடியாது. சொல்லவும் மாட்டேன். நீயே பார்த்தல்ல, சொல்லிட்டே போனா என்ன ஆகுதுன்னு."

அக்காளுக்குக் கண் கலங்கியது. தங்கை முன்னால் இறங்கினாள். மூன்று படி தள்ளி நின்று, இவள் வருகிறாளா என்று திரும்பிப் பார்த்தாள்.