இரண்டாவது குளிசை

முதலாளி ஐயாவை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அவருடைய வலது உள்ளங்கையும் அதில் கிடந்த நெல்லும்தான். கிளிநொச்சியில் இருந்த அவருடைய அரிசி ஆலைக்கு யார் நெல் கொண்டுவந்தாலும் சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளி, இரு கைகளுக்கும் நடுவே தேய்த்து, உமியை ஊதிவிட்டு, ஒரு மணியைக் கடித்துப் பார்த்த பிறகுதான் விலை சொல்வார். ஒரு பெரும்போக அறுவடைக் காலத்தில், அவர் அள்ளிய நெல் அப்படியே கையில் குலுங்கத் தொடங்கியது. மணிகள் ஒன்றோடொன்று உரசி விரலிடுக்கால் சிந்தின. ஐயா கையை மூடிக்கொண்டார். எதிரே நின்ற விவசாயி தன் செருப்பைப் பார்த்தார். தராசடியில் நின்ற நான் சாக்கின் வாயைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

நான் அப்போது அந்த ஆலையில் நெல் நிறுக்கும் வேலையில் இருந்தேன். எங்கள் குடும்பம் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து ஸ்கந்தபுரத்தில் குடியேறியது. கணவரை இழந்து இரண்டு பெண்பிள்ளைகளோடு நின்றபோது வேலை தந்தவர் ஐயா. நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். தாராளமானவர் என்று யாரும் சொன்னதில்லை. நிறையில் ஒரு மணியும் ஏமாற்ற மாட்டார், அதேபோல ஒரு மணியையும் விட்டுக்கொடுக்க மாட்டார். தராசைச் சுற்றிச் சிந்திய நெல்லை மாலையில் தானே கூட்டி அள்ளுவார். ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றினால் அவருக்கு எங்கிருந்தோ தெரிந்துவிடும். பழைய சாக்குக் கட்டும் கயிறுகூட முடிச்சவிழ்த்து ஆணியில் தொங்கும்.

நடுக்கத்தை அவர் குளிர் என்றார், களைப்பு என்றார். பிறகு நடையும் சிறுத்தது. ஆலையில் கணக்குப் பார்க்கும் கந்தோரின் வாசற்படியில் வந்ததும் கால்கள் தரையில் ஒட்டியதுபோல நின்றுவிடுவார். அவருடைய மனைவி, நாங்கள் அம்மா என்று அழைப்பவர், ஒருநாள் பிடிவாதமாக அவரை யாழ்ப்பாணத்துக்கு நரம்பு டொக்டரிடம் கூட்டிப்போனார். பார்க்கின்சன் என்று பெயர் வந்தது. டொக்டர் எழுதிக் கொடுத்த முதல் மருந்துக் குளிசை தொடங்கியபோது வாந்தி வருவதுபோல ஓங்காளமும், எழும்பும்போது தலைச்சுற்றும் வந்து, நிறுத்திவிடப் போகிறேன் என்று நின்றார். சில கிழமைகளில் அது தணிந்தது. அதன்பிறகு அந்தக் குளிசை செய்த வேலையை நான் கண்ணால் கண்டேன். விழுங்கிக் கொஞ்ச நேரம் செல்ல, முதலில் முகம் இளகும், பிறகு குரல் தெளியும், பிறகு எழுந்து நடப்பார். பருப்பும் முட்டையும் தின்ற கையோடு போட்டால் மட்டும் அது சரியாக ஏறாது. அதனால் சாப்பாட்டுக்கு முன்பே போட வைத்துவிட்டுத்தான் அம்மா குசினிக்குள் போவார்.

நாளாக ஆக அது ஒன்று போதாமல் போனது. குளிசையின் பிடி விட்டதும் உடம்பு மரக்கட்டையாகிவிடும். டொக்டர் இரண்டாவதாக ஒரு குளிசையைச் சேர்த்து, மெல்ல மெல்லக் கூட்டினார். ஐயா மறுபடியும் நெல்லைத் தேய்த்து ஊதினார். ஆலை முழுக்கச் சந்தோஷம். அதே காலத்தில்தான் அவர் கொடுக்கத் தொடங்கினார்.

காவற்காரருக்குத் தன் சைக்கிளைக் கொடுத்தார். தண்ணீருக்குத் தவித்த விவசாயிக்கு நீர் இறைக்கும் பம்பைக் கொடுத்தார். கோயில் அன்னதானத்துக்குக் கேட்டதைவிட அதிகமாக அரிசி ஏற்றிவிட்டார். கந்தோர்க் கதிரைகளை முன்பள்ளிக்கு அனுப்பியதால், வந்தவர்கள் அரிசி மூட்டையில் இருந்து கதைத்தார்கள். ஒருநாள் அம்மா சந்தையால் வந்து பார்த்தால், அவருடைய சேலைகள் கட்டிலில் குவிந்து கிடந்தன; அலுமாரியைக் காணவில்லை. புதிதாகக் கலியாணம் முடித்த ஒரு சோடிக்கு அது லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போய்விட்டது. வயது போனதும் மனம் கனிந்துவிட்டது என்று சனம் சொன்னது. அம்மா சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் திரிந்தார்.

அந்த நாட்களில்தான் எனக்கும் கிடைத்தது. ஆலையின் முன்புறம், வீதியோரமாக ஒரு கொட்டிலில் மா அரைக்கும் பழைய மெஷின் ஒன்று கிடந்தது. சின்னப் பையில் அரிசியோ மிளகாயோ கொண்டுவரும் பெண்களுக்கு, வேலை குறைந்த மழைக்காலத்தில் நான் அதை ஓட்டி அரைத்துக் கொடுப்பேன். ஐயா ஒரு காலை என்னைக் கூப்பிட்டு, கொட்டிலும் மெஷினும் இனி உனக்கு என்று கொட்டில் பூட்டின் திறப்பைக் கையில் வைத்தார். நான் அவர் காலில் விழப் போனேன், அவர் விடவில்லை. வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் சொன்னபோது மூத்தவள் நம்பவில்லை.

அடுத்த கிளினிக்குக்கு அம்மா என்னையும் துணைக்குக் கூட்டிப்போனார். பஸ் ஆனையிறவைத் தாண்டும்போது ஐயா உப்பளத்தைக் காட்டி உற்சாகமாகக் கதைத்துக்கொண்டு வந்தார். டொக்டர் இளம் பெண். நடக்கச் சொல்லி, விரல்களை மடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் கேட்டார்.

“இந்தக் குளிசை கூட்டின பிறகு ஐயாட்ட ஏதும் புதுப் பழக்கம் வந்ததோ? சூது, லொத்தர், கண்டதையும் வாங்கிறது, அடக்கேலாமல் சாப்பிடுறது?”

“இவர் ஒண்டும் வாங்கிறேல்ல, டொக்டர்,” என்றார் அம்மா. “வீட்டில இருக்கிறதை எல்லாம் குடுக்கிறார்.”

டொக்டரின் பேனை நின்றது. கொடுக்காமல் இருந்து பார்த்தீர்களா என்று ஐயாவிடம் மெதுவாகக் கேட்டார். ஐயா தலையைக் குனிந்தபடி, “இருப்புக் கொள்ளேல்ல, பிள்ளை,” என்றார்.

டொக்டர் அவசரமில்லாமல் விளங்கப்படுத்தினார். உடம்பை அசைக்க மூளைக்கு டோபமின் என்றொரு பொருள் வேண்டும். இந்த நோயில் அது வற்றிப்போகிறது. முதல் குளிசை மூளைக்குள் போய் அந்தப் பொருளாகவே மாறுகிறது. இரண்டாவது அப்படி மாறுவதில்லை. டோபமினின் இடத்தில் தான் போய் இருந்து, அதன் வேலையைச் செய்கிறது. ஆனால் அந்தப் பொருளுக்கு அசைவு மட்டும் வேலையில்லை. ஆசையும், ஒன்றைச் செய்து முடித்த மகிழ்ச்சியும் அதன் கையில்தான் இருக்கின்றன. சிலருக்கு அந்த இடம் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு, மனத்தின் கட்டு அவிழ்ந்துவிடும். இது ஐயாவின் பிழையில்லை, மருந்தின் பக்கவிளைவு என்று இரண்டு தரம் சொன்னார். திடீரென்று நிறுத்தினால் வேறு கரைச்சல் வரும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்றும் எச்சரித்தார். அம்மா ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அது ஆறுதலில் வந்த அழுகை.  எனக்கோ திரும்பி வரும் வழியெல்லாம் கைப்பைக்குள் கிடந்த திறப்பு கனத்தது.

குளிசை குறையக் குறைய ஐயா சோர்ந்துபோனார். எரிச்சல் வந்தது, கால்கள் மறுபடி பிடித்துக்கொண்டன. கடைசியில் அது முற்றாக நின்றபோது, கொடுக்கும் அந்த வேகமும் நின்றது. கதை ஊரில் பரவியது. அந்தச் சோடி தாங்களாகவே அலுமாரியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பம்பும் வந்தது. என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது. அதற்குள் அந்த மெஷினால்தான் என் வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

முதல் குளிசை வேலை செய்யும் நேரம் பார்த்து ஒரு காலை போனேன். ஐயா விறாந்தையில் கதிரையில் இருந்தார். முகம் இன்னும் இளகவில்லை, காத்திருந்தேன். அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகு திறப்பை அவர் முன்னால் வைத்தேன். ஆலைப் பேச்சு எனக்கு நன்றாகவே பழகியிருந்தும், அன்று தோட்டத்துப் பேச்சுத்தான் வாயில் வந்தது.

“ஐயா, இத நீங்களே வச்சுக்கங்க. மருந்து செஞ்ச வேலையில கெடச்சத நான் வச்சிருக்கிறது சரியில்லங்க.”

அவர் திறப்பையே பார்த்தார். பிறகு சின்னக் குரலில் சொன்னார்.

“அலுமாரியை ஏன் குடுத்தனான் எண்டு எனக்கே தெரியேல்ல. பம்பும் அப்பிடித்தான். மெஷின் கதை வேற. மழைக்குள்ள நீ அந்தச் சனத்துக்கு அரைச்சுக் குடுக்கேக்க, நான் யன்னலால பாத்துக்கொண்டு இருக்கிறனான். அது உன்ர கையில இருக்க வேணுமெண்டு அப்பவே நினைச்சனான். குடுக்கத்தான் மனம் வரேல்ல. குளிசை கையைத் திறந்துவிட்டது, பிள்ளை. நினைச்சது நான்.”

உள்ளே நின்ற அம்மா வாசலுக்கு வந்தார். “ஓம், அப்பவே சொன்னவர்,” என்றார். “ஏன் குடுப்பான் எண்டு நான்தான் மறிச்சனான்.”

ஐயா குனிந்து திறப்பை எடுத்தார். எடுக்க நேரம் சென்றது. பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். என் உள்ளங்கைக்கு மேலே அவருடைய கை நடுங்கியபடி நின்றது. விரல்கள் விரிய மறுத்தன. அம்மா உதவிக்கு வர, வேண்டாமென்று தலையசைத்தார். நான் கையை ஏந்தியபடி நின்றேன். ஒவ்வொரு விரலாக இளகி, கடைசியில் திறப்பு விழுந்தது.

மெஷின் இன்றைக்கும் ஓடுகிறது. மூத்தவள் இப்போது தாதியாக இருக்கிறாள். மா அரைக்க வருபவர்கள் வீட்டில் யாருக்காவது அந்த நடுக்கம் இருக்கிறதென்று சொன்னால், இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கதைப்பேன். குணம் மாறினால் வெட்கப்படாமல் டொக்டரிடம் சொல்லுங்கோ, உங்கள் பாட்டில் குளிசையை நிறுத்தாதேயுங்கோ என்பேன். கேட்கத் தெரிந்த அந்த டொக்டருக்கும், உண்மையை மறைக்காத அம்மாவுக்கும், அந்தக் குளிசைக்கும்கூட என் மனதில் நன்றி உண்டு.

ஐயா போன மாரியில் காலமானார். செத்தவீட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உறவுக்காரப் பெண் ஒருவர் என்னைக் காட்டி, இவர் யார் என்று அம்மாவிடம் கேட்டார். அழுது கம்மிய குரலில் அம்மா சொன்னார்:

“அந்தக் குளிசையோட ஒருக்கா, அது இல்லாமல் ஒருக்கா, அவர் ரெண்டு தரம் குடுத்தது இந்தப் பிள்ளைக்கு மட்டுந்தான்.”